அடிக்கடி என்பது எத்தனை சென்டிமீட்டர்

பதினெட்டுக் கேள்விகள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து கட்டங்கள்:
ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரம்,
அடிக்கடி, மிக அடிக்கடி.
கடந்த ஆறு மாதங்களை மனதில் வைத்துப் பதில் சொல்லவும்.

எந்த ஆறு மாதம்?
செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக்குள்
எனக்கு இரண்டு நாள்தான் மிஞ்சியிருக்கிறது.
ஒன்று, கடல் உறைந்த நாள்.
மற்றது, காஸ்பரைப் பள்ளியில் இறக்கிவிட்டதாக நினைத்து
துறைமுகம்வரை ஓட்டி வந்த நாள்.
பின்னிருக்கையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அளப்பதுதான் எனக்குச் சம்பளம்.
ஹாப்சாலுவுக்கு அப்பால், தீவுக்குப் போகும் பனிச்சாலையில்
இருநூறு மீட்டருக்கு ஒரு துளை.
துரப்பணம் இறங்கும், கறுப்புத் தண்ணீர் கொப்பளிக்கும்,
கொக்கி வைத்த கோலை உள்ளே விட்டு
பனிக்கட்டியின் அடிவயிற்றைத் தொடுவேன்.
இருபத்து நான்கு. இருபத்தாறு. இருபத்து மூன்று.
இருபத்திரண்டுக்குக் கீழே போனால் சாலை மூடப்படும்.
அங்கே 'சில நேரம்' என்று ஒரு கட்டம் கிடையாது.

பதினோரு குளிர்காலம். ஒரு துளையும் தவறியதில்லை.
அதனால்தான் ரைவோ சிரித்தான்:
"உனக்கா? அந்தக் காற்றில் நான்கு மணி நேரம்
அசையாமல் நிற்கிறவளுக்கா?"
எப்படிச் சொல்வது,
காலடியில் கடல் இருந்தால் என் மனம்
கட்டிப்போட்ட நாய்போல் உட்கார்ந்துகொள்ளும்,
மின்கட்டணத் தாளைப் பார்த்ததும்
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்று.

கவனக்குறைவால் பிழை விடுவதுண்டா?
பேனா 'அரிதாக'வின்மேல் நின்றது.
ஒவ்வொரு அறிக்கையையும் ஒன்பது முறை படித்த பிறகே
அனுப்புகிறேன்.
அந்த ஒன்பதைத் தாள் கேட்கவில்லை.

சந்திப்புகளை மறப்பதுண்டா?
கைப்பேசியில் நான்கு மணி,
கதவின் உட்புறம் சிவப்பு நாடா,
நண்பகலில் ரைவோவின் அழைப்பு,
இத்தனை பேர் காவல் நின்ற பிறகு,
ஆமாம், சில நேரம்.

பொருட்களைத் தொலைப்பதுண்டா?
ஒரே சாவிக்கு ஐந்து நகல் வைத்திருப்பவள்
தொலைத்ததை எங்கிருந்து எண்ணுவாள்?

கூட வாழ்பவருக்கும் ஒரு தாள் உண்டு.
ரைவோ பென்சிலால் குறித்திருந்தான்.
தொலைப்பது: ஒருபோதும் இல்லை.
(ஐந்து சாவி அவனுக்குத் தெரியாது.)
பிறர் பேச்சை முடிக்குமுன் குறுக்கிடுவது: மிக அடிக்கடி.
அது எனக்குத் தெரியாது.
பதினான்கு ஆண்டுகள் ஒரே சமையலறையில்
இரண்டு அளவுகோல்கள்.

செவிலி ஐலி கூட்டிப் பார்த்தாள்.
"நடுத்தரம்" என்றாள், "ஆனால் இது தீர்ப்பில்லை,
பேச்சைத் தொடங்க ஓர் இடம்."
நடுத்தரம்.
சராசரி இருபத்தைந்து இருந்த சாலையில்தான்
பால் வண்டியின் முன்சக்கரம் ஒருமுறை உள்ளே போனது.
சராசரியின்மேல் யாரும் வண்டி ஓட்டுவதில்லை.
சக்கரம் இருக்கும் இடத்தில்தான் ஓட்டுகிறோம்.

"அந்த மணிகளையெல்லாம் அணைத்துவிட்டால்?"
என்று கேட்டாள் ஐலி.

எனக்கு வெண்பனி ஞாபகம் வந்தது.
பனித்தூள் விழுந்து ஊறி மறுபடி உறைந்தது
வெள்ளையாக, கனமாகத் தெரியும்.
கோலும் நல்ல எண்ணையே காட்டும்.
விதி என்னவென்றால்
அதைப் பாதியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.
பதினோரு ஆண்டுகள் அந்த விதியைக்
கடலுக்கு மட்டும் வைத்திருந்தேன்.

"பன்னிரண்டுதான் இருக்கிறது" என்றாள் ஐலி.
தாளைத் திருப்பினாள்.
மறுபக்கத்தில் ஆறு கேள்விகள்,
மூச்சுப்படாத கட்டங்கள்.
அவள் சிரிக்கவில்லை.
ஓரத்தில் சின்னதாக எதையோ எழுதிக்கொண்டு
தாளை என்னிடம் நீட்டினாள்.

கார் நிறுத்தத்தில், முழங்காலில் வைத்து,
வெண்பனியைப் பாதி பாதியாகக் கழித்துக் குறித்தேன்.
அடிக்கடி. அடிக்கடி. மிக அடிக்கடி.
கடைசிக்கு முந்தியதில் பேனா உறைந்துவிட்டது.
துரப்பணத்தின் மின்கலத்தை வைப்பதுபோல்
அக்குளில் இடுக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.